அண்ணாவியார் குரலும் புதிய ஒலிபெருக்கியும்

மட்டக்களப்பு நாட்டை மீன்பாடுந் தேனாடு என வழங்குவது பழைய மரபு. அலையடங்கிய நிலாக்கால இரவிலே, கல்லடிப் பாலத்தருகே தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை வாவி நீரில் அமிழ்த்தி, மறு நுனியைச் செவியிற் பொருத்தி, நீருக்கடியிலிருந்து எழும் மெல்லிய ஓசையைக் கேட்டு மகிழ்ந்தோர் பலர். அவ்வோசையை எழுப்புவது மீனா, சிப்பியா என்ற ஆராய்ச்சி ஒருபுறம் இருக்கட்டும். அந்தத் துடுப்பைப் பற்றி நாம் சிறிது சிந்திப்போம். துடுப்பு தானாக எதனையும் பாடுவதில்லை. நீரில் எழுந்ததைக் கூட்டாமலும் குறைக்காமலும் செவிக்குக் கொண்டுவந்து சேர்ப்பதே அதன் பணி. நல்ல ஒலிபெருக்கிக்கு இலக்கணம் வகுக்கப் புகுவோர்க்கு இதனினும் சிறந்த உவமை கிடைப்பது அரிது.

இந்நாளில் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் சிறிய ஒலிபெருக்கிச் சோடிகள் இடம்பெறத் தொடங்கியுள்ளன. புத்தகத் தட்டில் வைக்கத்தக்க அளவினவாதலின், மேலைநாட்டார் இவற்றுக்கு ‘புக்‌ஷெல்ப் ஸ்பீக்கர்’ எனப் பெயரிட்டனர். நாம் இவற்றைத் தட்டு ஒலிபெருக்கி என்று அழைக்கலாம். மத்திய கிழக்கு நாடுகளில் உழைக்கும் பிள்ளைகள் விடுமுறையில் வரும்போது கொண்டுவருவதும் உண்டு. கொழும்பிலே வாங்கி வருவதும் உண்டு. விலையோ நடுத்தரக் குடும்பத்துக்குச் சிறு தொகையன்று. ஆகவே, வாங்கும் பொருள் தரமானதா, வெறும் பகட்டா என்று அறிந்துகொள்ளுதல் அவசியமாகின்றது. அதனை அறியும் வழி யாது? வந்தாறுமூலையில் ஓர் இல்லத்திலே அண்மையில் நாம் கேட்டவற்றை எடுத்துரைப்பின், விடை ஓரளவு தெளிவாகும் என எண்ணுகின்றோம்.

கூத்தும் கல்வியும் வளர்ந்த ஊர்

மட்டக்களப்பு நகரிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் பெருவீதியில், ஏறாவூரையும் செங்கலடியையும் கடந்தால் வந்தாறுமூலையை அடையலாம். இங்குள்ள மத்திய மகா வித்தியாலய வளாகத்திலேதான் 1981ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி ஆரம்பமாயிற்று. அதுவே 1986ஆம் ஆண்டில் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. பேராசிரியர் சி. மௌனகுரு அவர்கள் இவ்வித்தியாலயத்தின் பழைய மாணவர். பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் 1960களில் பேராதனையிலே ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலாய கூத்துக்களைப் பல்கலைக்கழக மேடையேற்றியபோது, அம்முயற்சியில் முன்னின்ற மாணவருள் ஒருவராக விளங்கியவரும் அவரே.

இச்சுற்றுவட்டாரத்தில் வடமோடியும் தென்மோடியும் இன்றும் அறியாப் பொருள்கள் அல்ல. வட்டக் களரியின் நடுவே அண்ணாவியார் மத்தளத்துடன் நிற்க, சல்லாரி ஒலிக்க, ஆட்டக்காரரின் சதங்கை கலகலக்க, பிற்பாட்டுக்காரர் பாட்டை வாங்கிப் பாட, விடியும்வரை நிகழ்வது அக்கலை. ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் வருமுன்னர், திறந்தவெளியில் நூற்றுக்கணக்கானோர்க்குச் சொல் தெளிவாகக் கேட்கும்படி பாடவல்ல குரல்களை அது வளர்த்தது.

அத்தகைய குரல் ஒன்று இவ்வூரில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் இல்லத்தில், ஒரு கசற் நாடாவிலே அடங்கிக் கிடந்தது. குரலுக்குரியவர் ஆசிரியரின் தாய்வழிப் பாட்டனார், அண்ணாவியாராக விளங்கியவர். 1978ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 23ஆந் திகதி இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியிலே வீட்டின் கூரையோடு அவருடைய கூத்துக் கொப்பிகளும் போய்விட்டன. பின்னர் 1981ஆம் ஆண்டில், முதியவர் நினைவிலிருந்ததைப் பாட, இளைஞராயிருந்த பேரன் இரவல் வாங்கிய பதிவுக் கருவியிலே பதிந்து வைத்தார். கூத்தின் பாட்டுக்கு இன்று எஞ்சியுள்ள ஒரே சான்று அந்நாடாதான். யுத்த காலத்தில் குடும்பம் இடம்பெயர்ந்தபோதெல்லாம், பிறப்புச் சான்றிதழ்களோடும் காணி உறுதிகளோடும் அதுவும் ஒரே பையிற் சென்று திரும்பியது.

ஆசிரியரின் மூத்த மகன் கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்தபோது, தட்டு ஒலிபெருக்கிச் சோடி ஒன்றையும், அம்ப்ளிபயர் எனப்படும் சிறிய வலுவாக்கி ஒன்றையும் கொண்டுவந்தார். பெட்டி ஒவ்வொன்றும் ஓரடி உயரம். ஐந்தங்குலக் கூம்பு ஒன்றும், அதன் மேலே உச்ச ஒலிகளை எழுப்பும் ஓரங்குலப் பட்டு முகடு ஒன்றும் கொண்டது. இளைய மகனுக்கு அவை உவப்பாயில்லை. “இதில அடியே இல்ல. வித்துப்போட்டுப் பெரிய செற் ஒண்டு வாங்குவம்” என்பது அவர் வாதம். அயல்வீட்டிலிருந்து பெரிய பெட்டித் தொகுதி ஒன்றையும் ஒப்பிட்டுக் காட்டுவதற்காகக் கொண்டுவந்து வைத்திருந்தார். இரண்டையும் கேட்டுக் கருத்துரைக்குமாறு ஆசிரியர் நம்மை அழைத்தார்.

சிறு பெட்டியின் வரலாறு

நாம் கேட்டதைக் கூறுமுன், இச்சிறு பெட்டிகள் எவ்வாறு தோன்றின என்பதை வாசகர்க்கு நினைவூட்டல் பொருத்தமாகும். இன்று எங்கும் வழங்கும் ஒலிபெருக்கியின் அடிப்படை, 1925ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தைச் சேர்ந்த ரைஸ், கெலொக் என்னும் இருவரால் வெளியிடப்பட்டது. காந்தத்தின் இடைவெளியிலே கம்பிச் சுருள் ஒன்று தொங்கும். அச்சுருள் ஒரு கூம்போடு பிணைக்கப்பட்டிருக்கும். மின்னோட்டம் மாறுந்தோறும் சுருள் முன்னும் பின்னும் அசைய, கூம்பு காற்றை அசைக்கும். அதே ஆண்டு டிசம்பரிலே கொழும்பு வானொலியும் தன் சேவையைத் தொடங்கியது ஓர் இனிய பொருத்தம்.

கூம்பின் முன்புறத்திலிருந்து எழும் ஒலியும் பின்புறத்திலிருந்து எழும் ஒலியும் ஒன்றுக்கொன்று எதிரானவை. இரண்டும் கலந்தால் தாழ்ந்த சுரங்கள் அழிந்துபோகும். ஆதலால் கூம்பைப் பெட்டியில் அடைக்க வேண்டியதாயிற்று. ஆழ்ந்த ஒலி வேண்டின் அலுமாரியளவு பெட்டி வேண்டும் என்பதே நெடுங்காலக் கொள்கை. 1954ஆம் ஆண்டில் எட்கார் வில்சர் என்பவர் இக்கொள்கையை மாற்றினார். காற்றுப்புகாதபடி மூடிய சிறு பெட்டியினுள் அடைபட்ட காற்றையே கூம்புக்கு வில்லாகப் பயன்படுத்தலாம் என அவர் கண்டார். அவருடைய அக்கூஸ்டிக் ரிசேர்ச் நிறுவனம் பின்னர் ஒரு விசித்திரமான பரீட்சையையும் நடத்திற்று. நரம்பிசைக் கலைஞர் நால்வர் மேடையில் வாசித்துக்கொண்டிருக்கும்போதே, இடையில் அவர்கள் வில்லை மட்டும் அசைக்க, பதிவு செய்த இசை ஒலிபெருக்கியிலிருந்து எழுந்தது. மாறிய கணத்தை அவையோர் கண்டுகொள்ள முடியாது திகைத்தனர்.

இதற்குப்பின், துளையுள்ள பெட்டிகளைக் கணக்கிட்டு அமைக்கும் முறையை அவுஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961ஆம் ஆண்டிலும், ரிச்சர்ட் சிமோல் 1970களிலும் நிறுவினர். வெறும் போத்தலின் வாயில் ஊதினால் ஆழ்ந்த ஒலி எழுவதை நாம் அறிவோம். பெட்டியின் துளையும் அவ்வாறே தாழ்ந்த சுரத்துக்குத் துணைசெய்கின்றது. 1970களில் பிரித்தானிய ஒலிபரப்பு நிறுவனமாகிய பி.பி.சி., வெளிக்கள ஒலிபரப்பு வண்டிகளின் நெருக்கமான இடத்துக்கென, ஓரடி உயரமுள்ள பெட்டி ஒன்றை அமைத்தது. அதன் பொறியியலாளர் ஒலிபெருக்கிகளைச் சோதிக்க விரும்பிப் பயன்படுத்திய கருவி மனிதப் பேச்சு. பக்கத்து அறையில் இருக்கும் தம் தோழரின் குரலை நன்கு அறிந்திருப்பர். அக்குரலை ஒலிபெருக்கி எவ்வாறு திருப்பித் தருகின்றது என்று கேட்பர். இசைக்கருவியின் ஒலியில் ஏற்படும் சிறு திரிபு நம் கவனத்துக்குத் தப்பலாம். தாயின் குரலில் ஏற்படும் திரிபோ எவருக்கும் தப்பாது.

அறையும் ஒரு கருவியே

நாம் சென்றபோது புதிய பெட்டிகள் கூடத்தின் மூலையிலே, கண்ணாடி அலுமாரியின் மேல், சுவரோடு சுவராக ஒட்டி நின்றன. பேச்சொலி குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் முழங்கியது. அலுமாரியின் கண்ணாடியும் கூடவே கிணுகிணுத்தது. பெட்டியின் அதிர்வு அலுமாரி மரத்துக்குள் பாய்ந்தமையே காரணம். காற்றைவிட மரத்தினூடே ஒலி பன்மடங்கு விரைவாகச் செல்லும். வாவியின் ஓசையைச் செவிக்குக் கொண்டுவரும் துடுப்புக்கு உதவும் அதே குணம் இங்கே ஊறாயிற்று.

அறையின் தன்மையும் கருதத்தக்கது. நம் ஊரின் வெப்பத்திலே ஒலி செக்கனுக்கு ஏறக்குறைய 350 மீற்றர் செல்லும். செக்கனுக்கு 100 முறை அதிரும் ஆண்குரலின் அடிச்சுரத்துக்கு அலைநீளம் மூன்றரை மீற்றர். 7000 முறை அதிரும் சீறொலிக்கோ ஐந்து சென்ரிமீற்றர் மட்டுமே. பன்னிரண்டடி நீளமான அறையின் இரு சுவர்களுக்கிடையே, செக்கனுக்கு 48 அதிர்வளவிலான ஒலி நின்று ஊசலாடும். நீளமும் அகலமும் ஒன்றாயின் அத்தொல்லை இருமடங்காகும். ஆசிரியரின் கூடம் அத்தகைய சதுரமே. சீமெந்துத் தரையும் பூச்சுச் சுவர்களும் உச்ச ஒலியை எறிந்துகொண்டேயிருந்தன.

ஆகவே முதலில் இடத்தைத் திருத்தினோம். முதிரை மரத்தாலான முக்காலிகள் இரண்டைப் பின்சுவரிலிருந்து இரண்டடி முன்னே, ஒன்றுக்கொன்று ஏழடி இடைவெளியில் நிறுத்தி, அவற்றின்மேல் பெட்டிகளை வைத்தோம். அடியிலே மடித்த இறப்பர்த் துண்டுகள். கேட்பவரின் கதிரையும் இரு பெட்டிகளும் ஒரு முக்கோணத்தின் மூன்று மூலைகளாக அமைந்தன. பட்டு முகடு கதிரையில் இருப்பவரின் காதுமட்டத்துக்கு வந்தது. தரையில் பன்பாய் ஒன்றை விரித்து, வெறுஞ்சுவரில் மருதமுனை நெசவுத்துணி ஒன்றைத் தொங்கவிட்டோம். பெட்டியை மாற்றாமலே, காசு ஒன்றும் செலவிடாமலே, ஒலி தெளிந்தது. குடமுழக்கம் அடங்கியது, சொற்கள் தனித்தனியாகப் பிரிந்து நின்றன.

நாம் கேட்டவை

பின்னர் ஒலிகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டோம். முதலாவது வானொலிச் செய்தி. பெண் அறிவிப்பாளரின் குரல் இரு பெட்டிகளுக்கும் நடுவே, வெற்றிடத்தில் ஓர் ஆள் இருந்து பேசுவதுபோல் நிலைத்து நின்றது. இச்சோதனையை எவரும் செய்து பார்க்கலாம். ஒற்றைக் குரல் நடுவே ஒடுங்கி நிற்க வேண்டும். குரல் அகன்று பரந்து, எங்கிருந்து வருகிறதென்றே தெரியாமற் போயின், ஒரு பெட்டியின் சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும் இடம்மாறிப் பூட்டப்பட்டிருத்தல் கூடும்.

இரண்டாவது, வசந்தன் ஆட்டத்தின் பதிவு. கோலோடு கோல் மோதும் ஒலி சட்டென எழுந்து சட்டென அடங்கியது. மோதலுக்குப்பின் மரத்தின் சிறு அதிர்வும் கேட்டது. பெரிய தொகுதியிலோ ஒவ்வொரு மோதலும் வால் நீண்டு அடுத்த மோதலோடு ஒட்டிக்கொண்டது. மூன்றாவது, கண்ணகை அம்மன் சடங்கிற் பதிந்த உடுக்கொலி. தோல் இறுகித் தளரும்போது சுரம் வளைந்து ஏறி இறங்குவதைப் புதிய பெட்டிகள் நுட்பமாகக் காட்டின.

நான்காவதாக மத்தளம். இங்கே சிறு பெட்டியின் எல்லை வெளிப்பட்டது. வலந்தலையின் வெட்டும் விரல்நடையும் தெளிவாகக் கேட்டன; இடந்தலையின் கும்மென்ற ஓசையோ உருவமாக மட்டும் நின்றது. களரியின் ஓரத்தில் இருப்பவரின் நெஞ்சில் வந்து மோதும் அந்தப் பாரம் இங்கே இல்லை. ஐந்தங்குலக் கூம்பு அசைக்கத்தக்க காற்று அவ்வளவே. ஒலியைக் கூட்டி அக்குறையை நிரப்ப முயன்றால் கூம்பு திணறும். இதனை மறைத்துரைப்பது வாசகர்க்குச் செய்யும் துரோகமாகும். இளைய மகனின் குறைபாட்டில் உண்மை இருந்தது என்பதையும் ஏற்றுக்கொள்ளல் வேண்டும்.

ஐந்தாவதாகவே அண்ணாவியாரின் நாடாவை இட்டோம். முதலில் நாடாவின் இரைச்சல். அதன்பின் யாரோ தொண்டையைச் செருமும் ஒலி. எங்கோ ஒரு கோழி கூவிற்று. பின்னர் முதிர்ந்த குரல் ஒன்று, எவ்வித அவசரமுமின்றி, நிமிர்ந்து எழுந்தது. உச்சத்திலே நடுங்கிய இடத்தையும், மூச்சுப் போதாமல் ஒரு சொல்லை இரண்டாகப் பிரித்துப் பாடிய இடத்தையும் மறைவின்றிக் கேட்டோம். கதவோரம் இருந்த அண்ணாவியாரின் மகளார், எண்பத்தைந்தைக் கடந்த மூதாட்டி, நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பாட்டு முடிந்ததும் தம் மகனை நோக்கி, “மனே, முந்தி இந்தப் பெட்டியில அப்பா எங்கயோ தூரத்தில நிண்டு பாடின மாதிரி. இப்ப நம்மட திண்ணையில இருந்து பாடுறார்” என்றார். பொறியியலாளர் பலர் பல பக்கங்களில் எழுதும் தீர்ப்பை அவர் இரு வசனங்களிற் கூறிவிட்டார்.

திரைக்குப் பின்னே

ஆயினும் அன்பினாற் கேட்பது வேறு, ஆராய்ந்து கேட்பது வேறு. விலையையும் உருவத்தையும் பெயரையும் கண்ட கண், செவியின் தீர்ப்பை எளிதில் மாற்றிவிடும். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்திலே 1980களில் இத்துறையை ஆராய்ந்த புளொய்ட் டூல், பின்னர் 1994ஆம் ஆண்டில் ஷோன் ஒலிவ் என்பவருடன் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டார். ஒரே ஒலிபெருக்கிகளைத் திரைக்குப் பின்னே மறைத்துக் கேட்பித்தபோது கேட்டோர் இட்ட புள்ளிகள், கண்ணாற் கண்டு கேட்டபோது மாறிவிட்டன. பெரியதும் அழகியதும் கண்டவிடத்து உயர்வு பெற்றன.

ஆகையால் நாமும் கூடத்தின் குறுக்கே ஒரு துணியைக் கட்டினோம். இரு தொகுதிகளும் அதன் பின்னே மறைந்தன. கைத்தொலைபேசியின் ஒலிமானியைக் கொண்டு இரண்டையும் ஒரே உரப்புக்குக் கொணர்ந்தோம். இது மிக முக்கியமானது. சிறிதளவு உரத்து ஒலிப்பதைச் செவி சிறந்ததென்று மயங்கும். கடைகளில் நிகழும் ஏமாற்றங்கள் பலவற்றுக்கு இதுவே வேர். வீட்டார் ஒவ்வொருவராக அமர்ந்து கேட்டனர். சினிமாப் பாட்டின் தாள வாத்தியத்துக்கு இளைய மகன் பெரிய தொகுதியையே தெரிந்தார். அண்ணாவியாரின் பாட்டுக்கு அவர் சுட்டிய பக்கம் சிறு பெட்டிகளின் பக்கம். துணியை நீக்கியபோது அவர் சிறிது நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப பாட்டுக்கு இது, கூத்தாட்டத்துக்கு அது” என்று சிரித்தார்.

உண்மையான பயன் இதற்குப் பின்னரே விளைந்தது. பழைய வானொலிப் பெட்டியிற் கேட்டுக் கேட்டு, ஆசிரியர் அக்கூத்தின் பாட்டுக்களைப் பல்லாண்டுகளாக ஒரு கொப்பியில் எழுதி வந்திருக்கின்றார். விளங்காத இடங்களிலே புள்ளிகள் இட்டிருந்தார். போர்க்களம் செல்லும் பகுதியில் ஓரிடத்தைத் ‘தேரும் படையும்’ என எழுதியிருந்தார். புதிய பெட்டியிலே அது ‘சேரும் படையும்’ என்றே ஒலித்தது. ‘ச’கரத்தின் சீறொலி பெரும்பாலும் செக்கனுக்கு 4000 அதிர்வுகளுக்கு மேலே நிற்பது. பழைய பெட்டியின் ஒற்றைக் கூம்பு அதனைத் தரும் ஆற்றலை இழந்திருந்தது.

விரும்பியதைக் கேட்பது செவியின் இயல்பாதலால், இதனையும் சோதித்தோம். கொப்பியைக் கண்டிராத பேத்தியை அழைத்து, கேட்பதை அப்படியே எழுதச் சொன்னோம். அவரும் ‘சேரும்’ என்றே எழுதினார். பின்னர், இளமையில் அக்கூத்தை ஆடிய அயலவர் ஒருவரை வினவியபோது, அவ்வடிக்கு ஆட்டக்காரர் இரு பக்கத்தாலும் வந்து களரியின் நடுவே கூடுவதே வழக்கம் என்று ஆடிக்காட்டினார். பாட்டும் ஆட்டமும் பொருந்தின. அன்று மாலைக்குள் புள்ளியிட்ட இடங்கள் பல நிரம்பின. நாடா தேய்ந்த சில இடங்கள் மட்டும் நிரம்பவில்லை. அவற்றை எந்த ஒலிபெருக்கியாலும் மீட்க இயலாது. சோடியை விற்கும் பேச்சு அத்தோடு நின்றது.

வாங்குவோர் கவனிக்க

தட்டு ஒலிபெருக்கி வாங்க விரும்புவோர் சில செய்திகளை மனங்கொள்ளல் நன்று. முதலாவது, நமது வாவிக்கரைக் காலநிலை. கூம்பின் விளிம்பைச் சுற்றியுள்ள வளையம் நுரைப்பொருளால் ஆனதாயின், வெப்பத்திலும் ஈரலிப்பிலும் சில ஆண்டுகளில் உதிர்ந்துவிடும். இறப்பர் வளையமுள்ளதே நெடுங்காலம் நிற்கும். இரண்டாவது, சிறு பெட்டிகள் பொதுவாக மின்வலுவைச் சிக்கனமாகப் பயன்படுத்துவன அல்ல. ஒலி மூன்று டெசிபெல் உயர வலுவை இருமடங்காக்க வேண்டும். செவிக்கு இருமடங்கு உரப்பாகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வலு வேண்டும். ஆயின், வீட்டுக் கூடத்திலே சாதாரணமாகக் கேட்பதற்குச் சில வாற்றுக்களே போதும். சிறிய வலுவாக்கியை அதன் எல்லைக்கு அப்பால் முறுக்குவதால் ஒலி சிதைவதோடு, மேலுள்ள மெல்லிய முகடும் எரிந்துபோகக்கூடும். கலியாண வீட்டுக்கும் கோயில் வீதிக்கும் இவற்றை எடுத்துச் செல்லல் தகாது.

மூன்றாவது, மெதுவாகக் கேட்கும்போது தாழ்ந்த சுரம் குறைந்து தோன்றினால், அது பெட்டியின் குற்றமென்று உடனே முடிவுகட்டலாகாது. மெல்லிய ஒலியில் நம் செவியே தாழ்ந்த சுரங்களுக்கு மந்தமாகிவிடுகின்றது. பிளெச்சர், மன்சன் என்னும் அறிஞர் 1933ஆம் ஆண்டிலேயே இதனை அளந்து காட்டினர். நான்காவதும் தலையாயதும், கடைக்குச் செல்லும்போது நீங்கள் நன்கறிந்த ஒரு குரலின் பதிவை உடன் கொண்டுசெல்லுங்கள். கடைக்காரர் தெரிந்தெடுத்து வைத்திருக்கும் பாட்டு அவருடைய பொருளுக்கு ஏற்ற பாட்டு. உங்கள் தாயின் பேச்சோ, கோயிற் பூசகரின் பாட்டோ உங்கள் செவிக்கு ஏற்ற அளவுகோல்.

நாடாக்களைக் காப்போம்

கசற் நாடா 1963ஆம் ஆண்டில் பிலிப்ஸ் நிறுவனத்தால் அறிமுகப்படுத்தப்பட்டது. நம் நாட்டில் அது பரவிய பின், கூத்தும் சடங்கும் ஒப்பாரியும் தாலாட்டும் வீடுதோறும் பதியப்பட்டன. அவற்றுட் பல சூறாவளிக்குப் பிந்திய இடப்பெயர்வுகளிலும், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி வந்த கடற்கோளிலும் மறைந்தன. எஞ்சியவற்றைப் பூஞ்சணம் தின்கின்றது. நீண்டகாலம் இயக்காத நாடாவை ஒருமுறை முன்னும் பின்னும் மெதுவாகச் சுற்றியபின்னரே ஒலிக்கவிடல் வேண்டும். இயக்கியின் தலைப்பகுதியைத் துப்புரவாக்கி, முதல் ஓட்டத்திலேயே எண்மிய வடிவிற் பிரதிசெய்து கொள்ளுதல் உத்தமம். தேய்ந்த நாடா இரண்டாம் ஓட்டத்துக்குத் தாங்காமலும் போகலாம். 2005ஆம் ஆண்டிலிருந்து ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்மிய வடிவிற் சேர்த்துவரும் நூலகம் நிறுவனம், ஒலிப்பதிவுகளையும் பேணி வருகின்றது. ஒரு பிரதி வீட்டிலும் மற்றொன்று வெளியிலும் இருப்பதே பாதுகாப்பு.

காரைதீவிலே தோன்றிய விபுலாநந்த அடிகளார், மறைந்துபோன யாழின் சுரங்களைக் கணக்கினாலும் நூற்சான்றினாலும் மீட்பதற்குப் பல்லாண்டுகள் உழைத்து, 1947ஆம் ஆண்டில் யாழ்நூலை வெளியிட்டார்கள். அவர்களுக்குக் கேட்பதற்கு ஒரு பதிவும் இல்லை. நமக்கோ நம் பாட்டன்மாரின் குரலே பதிவாகக் கிடைத்திருக்கின்றது. அதனைக் கேட்டு எழுதிவைக்க வேண்டியதுதான் மிச்சம்.

நல்ல ஒலிபெருக்கியை ஆடம்பரம் என்று தள்ளிவிடவும் வேண்டாம்; முழக்கத்தைக் கண்டு மயங்கி வாங்கவும் வேண்டாம். தெரிந்த குரலைத் தெரிந்தவாறே தருமா என்று மட்டும் கேளுங்கள். அத்தோடு, உங்கள் ஊரிலே பாடத்தெரிந்த முதியவர் ஒருவர் இன்னும் இருப்பாராயின், ஒலிபெருக்கி வாங்குமுன் அவரிடம் சென்று, கையிலுள்ள தொலைபேசியிலேனும் அவர் குரலைப் பதிந்து வையுங்கள்.